மாடியில ரெண்டு தேனீப் பெட்டி, வெயில் 40ஐ தாண்டுது, இப்ப தேன் எடுக்கலாமா?

மாடித்தோட்டம் ஸ்ரீரங்கம்:

எல்லாருக்கும் வணக்கம். இங்க ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் முதல் தடவையா எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

எங்க வீடு ஸ்ரீரங்கத்துல. போன கார்த்திகை மாசம் ரெண்டு தேனீப் பெட்டி வாங்கி மாடியில வெச்சேன். நியூட்டன் பெட்டி, நம்ம நாட்டு அடுக்குத் தேனீ, இத்தாலியன் இல்ல. மாடியில போட்டிருந்த பூசணியும் பாகலும் பூ பூக்குது, காய் பிடிக்காம பிஞ்சுலயே வெம்பி விழுந்துடுது, அதுக்காகத்தான் பெட்டி வாங்கினதே, தேன் வந்தா வரட்டும்னு இருந்தேன். இப்ப என்னன்னா காலைல காபி டம்ளரோட போய் பெட்டி பக்கத்துல உக்காந்தா எந்திரிக்கவே மனசு வர மாட்டேங்குது. கால்ல மஞ்சள் உருண்டையை ஒட்டிக்கிட்டு ஒண்ணொண்ணா வந்து வாசல் பலகையில இறங்குறதை பாத்துட்டே இருக்கலாம். போன வாரம் சில தேனீ செங்கல் கலர்ல மகரந்தம் கொண்டு வந்துச்சு, எந்தப் பூவுல இருந்துன்னு இன்னும் கண்டுபிடிக்க முடியல.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். வெயில் ஆரம்பிச்சதுல இருந்து பயமா இருக்கு. பெட்டி ரெண்டும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு கீழதான் இருக்கு, நிழல்னு நினைச்சுதான் அங்க வெச்சேன், ஆனா மத்தியானம் அந்த ஷீட்டுக்கு கீழ போய் நின்னா அடுப்புப் பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்கு. சாயங்காலம் ஆனா ஒரு பெட்டியோட வாசல்ல தேனீ எல்லாம் வெளிய வந்து கொத்தா தொங்குது, சின்ன பலாக்காய் சைஸ்ல. கூட்டம் பிரிஞ்சு போகப் போகுதா இல்ல மொத்தமா ஓடிடப் போகுதான்னு தெரியல.

ஞாயித்துக்கிழமை அந்தப் பெட்டியோட மேல் அறையை, அதாவது தேன் சேக்குற அறையை, திறந்து பாத்தேன். உள்ள அடை கட்டுறதுக்கு தொங்கவிட்டிருக்கற ஏழு மரச் சட்டத்துல நாலுல வெள்ளையா மெழுகு மூடி போட்டிருக்கு, மூணுல தேன் பளபளன்னு தெரியுது ஆனா மூடல. ஒரு தப்பும் பண்ணிட்டேன். மூடாத சட்டம் ஒண்ணை நல்லா பாக்கணும்னு தட்டு மாதிரி படுக்க வெச்சு பிடிச்சேன், அடை அப்படியே சட்டத்துல இருந்து கழண்டு என் கால்கிட்ட விழுந்துடுச்சு. தேன், தேனீ எல்லாம் தரையில. அதுல மாட்டி செத்தது ஒரு முப்பது நாப்பது இருக்கும். அன்னிக்கு ராத்திரி எனக்கு சாப்பாடே இறங்கல.

மாமியார் அமாவாசைக்கு முன்னாடி எடுத்துடணும், இல்லன்னா தேனீயே குடிச்சு தீத்துடும்னு சொல்றாங்க. பெட்டி வித்தவர் போனை எடுக்க மாட்டேங்குறார். இப்ப எடுக்கலாமா, எவ்வளவு எடுக்கணும், எடுத்த பிறகு இந்த வெயில்ல அதுங்க எப்படி தாங்கும்? தேன் எடுக்கற மெஷினும் என்கிட்ட இல்ல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பொள்ளாச்சி தென்னந்தோப்பு:

பயப்படாதீங்க அம்மிணி. வாசல்ல கொத்தா தொங்குறது வெக்கைக்குங்க. உள்ள புழு இருக்கற இடத்தை அதுங்க 34, 35 டிகிரியில வெச்சிருக்கோணும், அதுக்கு மேல போனா புழு தாங்காது, அதனால வேலை இல்லாததெல்லாம் வெளிய வந்து காத்துக்கு வழி விட்டு நிக்குமுங்க. ராத்திரி ஒம்பது பத்து மணிக்கு டார்ச்சுல செகப்பு காயிதம் கட்டிட்டு போய் பாருங்க, முக்காவாசி உள்ள போயிருக்கும். கூட்டம் பிரியறதுக்கு அடையாளம் வேற. கீழ் அறையில அடையோட அடி ஓரத்துல நிலக்கடலை தொங்குற மாதிரி ராணி அறை கட்டியிருக்கும், ஆண் தேனீயும் நெறைய திரியும். அதைப் பாத்தா மட்டும் யோசிக்கோணும்.

இன்னொண்ணு வாசல்ல கிட்ட போய் கவனிச்சுப் பாருங்க, அஞ்சாறு தேனீ ஒரே இடத்துல நின்னு றெக்கையை அடிச்சுட்டே இருக்கும். நம்ம நாட்டுத் தேனீ தலையை வெளிய பாக்க வெச்சு நின்னு வெளிக் காத்தை உள்ள தள்ளும், இத்தாலியன் தலையை உள்ள பாக்க வெச்சு நின்னு உள்காத்தை வெளிய இழுக்கும். நான் ரண்டும் வெச்சிருக்கறேன், பக்கத்துல பக்கத்துல பாத்தா அப்புடியே திருப்பிப் போட்ட மாதிரி இருக்கும்.

ஆஸ்பெஸ்டாஸ்தானுங்க உங்களுக்கு வில்லங்கம். ஆனா பெட்டியை வேற பக்கம் திடீர்னு தூக்கி வெச்சுப்போடாதீங்க, வெளிய போனதெல்லாம் பழைய எடத்துக்கே வந்து பெட்டியைக் காணாம சுத்தும். ஷீட்டுக்கு மேல தென்னங்கீத்து ரண்டு அடுக்கு போட்டு கட்டுங்க, அதுவே பெரிய வித்தியாசம் காட்டும். பெட்டி மூடி மேல ஈரச் சாக்கை நாலா மடிச்சு காலைல பதினொண்ணுல இருந்து நாலு வரைக்கும் போடுங்க, வாசலை மறைக்கக் கூடாது, தண்ணி உள்ள சொட்டக் கூடாது. பத்தடி தள்ளி ஒரு அகலமான மண் தட்டுல கூழாங்கல் போட்டு, கல்லு தலை வெளிய தெரியற மாதிரி தண்ணி ஊத்தி வைங்க. தினமும் அதே எடத்துல இருக்கோணும், ஒரு நாள் காஞ்சு போச்சுன்னா பக்கத்து வீட்டு வாஷிங்மெஷின் தண்ணிக்குப் போயிரும், அப்பறம் திருப்பிக் கொண்டு வர்றது சிரமம். அந்தத் தண்ணியை கொண்டுபோய் அடை மேல பூசி றெக்கையை அடிச்சு ஆவியாக்கித்தான் அதுங்க கூட்டை குளுமையா வெக்குது.

ஸ்டாண்டு காலுக்கு கிண்ணத்துல தண்ணி வெச்சிருப்பீங்க, எறும்புக்கு. வெயில் காலத்துல அது ஒரே நாள்ல வத்திரும், எறும்பு ஏறிப்போச்சுன்னா ஒரு ராத்திரியில கூட்டமே காலி. பழைய எஞ்சின் ஆயில் கொஞ்சம் ஊத்தி வெச்சா வத்தாது.

நாட்டுத்தேன் பிரியன்:

நாலு சட்டம் மூடியாச்சுல்ல, அப்பறம் என்ன, மொத்தத்தையும் எடுத்துடுங்க, கீழ் அறை ஓரத்து அடையிலயும் தேன் இருக்கும் அதையும் அறுத்துக்கோங்க. மெஷின்லாம் வேணாம், துணியில போட்டு பிழிஞ்சா போதும், எங்க தாத்தா அப்படித்தான் எடுப்பார். அப்பறம் சர்க்கரைப் பாகு வெச்சா அதுங்க பாட்டுக்கு இருக்கும்.

ரப்பர்காட்டு ஓரம்:

மேல சொன்னவர் மேல எனக்கு கோவம் இல்ல, ஆனா தங்கச்சி தயவு செய்து அதை மட்டும் செஞ்சிராதீங்க. நான் கன்னியாகுமரி மாவட்டம், குலசேகரம் பக்கம். எங்க அப்பா காலத்துல இருந்து தேனீதான், எனக்கு இப்ப அறுபதை நெருங்குது. இதை கொஞ்சம் விரிவா சொல்லணும்.

கீழ் அறையில இருக்கிற தேன் நம்மளது இல்ல. அது அதுகளுக்க சாப்பாடாக்கும். மேல் அறையில சேர்த்து வைக்கிறது மட்டும்தான் கூடுதல். பழைய காலத்துல மரப்பொந்துலயும் பானையிலயும் எடுத்தவங்க எல்லாத்தையும் சேர்த்து பிழிஞ்சாங்க, புழுவும் மகரந்தமும் சேர்ந்து வரும், கூடும் அத்தோட போகும், அடுத்த வருசம் வேற பொந்து தேடுவாங்க. பெட்டி கண்டுபிடிச்சதே அந்தக் கொடுமை வேண்டாம்னுதான். கீழ புழு அறை, மேல தேன் அறை, சட்டத்தை தனியா எடுத்து சுத்தி, அடை உடையாம திருப்பி வைக்கலாம். ஒரு அடை கட்டுறதுக்கு மெழுகு சுரக்க அதுக எவ்வளவோ தேனை தின்னணும், அடையை முழுசா திருப்பிக் கொடுத்தா அந்தத் தேன் மிச்சம்.

நான் இருபத்தி ரெண்டு வயசுல, கல்யாணத்துக்கு பணம் வேணும்னு, ஏப்ரல் கடைசியில பன்னிரண்டு பெட்டியில கீழ் அறை ஓரத்துச் சட்டத்தையும் சேர்த்து எடுத்தேன். அப்பா வேண்டாம்னு சொன்னார், கேக்கல. எங்க பக்கம் ரப்பர் மரம் இலை உதிர்த்து புது இலை விடும்போதுதான் தேன் வரத்து, ஜனவரியில இருந்து மார்ச், ஏப்ரல் வரைக்கும். பூவுல இருந்து இல்ல, மூணு இலை சேருற காம்பு முனையில சின்னச் சின்ன சுரப்பி இருக்கும், அதுல இனிப்புத் தண்ணி ஊறும், இளம் இலையில மட்டும். இலை முத்திட்டா நின்னு போச்சு. அதுக்குப் பிறகு மழைக்காலம் முழுக்க பஞ்சம். அந்தப் பஞ்சத்துக்கு அதுக சேர்த்து வச்சிருந்ததைத்தான் நான் எடுத்தது. பத்து நாள்ல ஏழு பெட்டி காலி. சத்தம் இல்லாம காலைல பாத்தா வெறும் அடை, அதுல மெழுகைத் தின்னுற அந்துப்புழு வலை பின்னியிருக்கு. அப்பா ஒரு வார்த்தை திட்டல, அந்த ஏழு பெட்டியையும் கழுவி வெயில்ல காய வச்சார், அவ்வளவுதான்.

பிறகு 1991, 92ல வைரஸ் நோய் வந்து எங்க மாவட்டம் முழுக்க தேனீ அழிஞ்சது, தாய் சாக்புரூட் (Thai sacbrood)னு சொல்லுவாங்க. புழு அறைக்குள்ள தலையை நிமித்திக்கிட்டு பை மாதிரி வீங்கி கிடக்கும், ஊசியால தூக்கினா தண்ணிப் பை மாதிரி தொங்கும். மருந்து கிடையாது. வீட்டுக்கு வீடு பெட்டி இருந்த ஊர்ல ஒரு பெட்டியில கூட தேனீ இரைச்சல் கேக்காம போச்சு. அதுல தப்பிப் பிழைச்ச ஒண்ணு ரெண்டு கூட்டத்தை வச்சுதான் திரும்ப வளர்த்து எடுத்தோம், இன்னைக்கு மார்த்தாண்டம் தேனுக்கு புவிசார் குறியீடு வரைக்கும் வந்திருக்கு. அந்த வருசங்களை பாத்தவனுக்கு ஒரு கூட்டம் வீணா போறதை தாங்க முடியாது, அதனாலதான் இவ்வளவு எழுதுறேன்.

சரி உங்க கேள்விக்கு வாறேன். அமாவாசை பௌர்ணமி பாக்க வேண்டாம், மூடியைப் பாருங்க. சட்டத்துல இருக்கிற அடையில நாலுல மூணு பங்கு கண்ணறை வெள்ளை மெழுகால மூடியிருந்தா அது பழுத்த தேன். மூடாதது தண்ணி கூடின தேன், அதை எடுத்து பாட்டில்ல அடைச்சா ஒரு மாசத்துல நுரைச்சு புளிச்சிரும். சந்தேகமா இருந்தா சட்டத்தை அசைச்சுப் பாருங்க, துளி தெறிச்சா இன்னும் பழுக்கல. ஆனா சட்டத்தை எப்பவும் நின்ன வாக்குலயே பிடிக்கணும், அந்தப் பக்கம் பாக்கணும்னா மேல் கட்டையை அச்சாக வச்சு புரட்டணும், புஸ்தகம் திருப்புற மாதிரி. வெயில் காலத்துல புது மெழுகு வெண்ணெய் மாதிரி இளகி இருக்கும், படுக்க வச்சா தாங்காது. உங்களுக்கு நடந்தது எங்க எல்லாருக்கும் ஒரு தடவையாவது நடந்ததுதான், மனசுல வச்சுக்கிடாதீங்க.

மூடின நாலை மட்டும் எடுங்க. மத்ததை விடுங்க. ரெண்டாவது பெட்டியில மேல் அறை நிறையலன்னா அதை இந்த வருசம் தொடவே வேண்டாம். சர்க்கரைப் பாகுங்கிறது பஞ்சத்துக்கு கஞ்சி ஊத்துற மாதிரி, அதுக்குன்னு வீட்டு நெல்லை பிடுங்கிட்டு கஞ்சி ஊத்தக் கூடாது. மேல் அறை இருக்கும்போது பாகு வச்சா அதைத்தான் கொண்டு மேல நிறைப்பாங்க, பிறகு நீங்க எடுக்கிறது தேன் இல்ல.

மாடித்தோட்டம் ஸ்ரீரங்கம்:

அண்ணா, படிச்சு முடிச்சுட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். அந்த ஏழு பெட்டியை அப்பா கழுவி காய வெச்சதை மறக்க முடியாது. கீழ் அறையை தொட மாட்டேன், இது சத்தியம்.

பொள்ளாச்சி அண்ணா, கீத்து வாங்கி ஷீட்டு மேல கட்டியாச்சு, ஈரச் சாக்கும் போட்டேன். தண்ணித் தட்டு வெச்சு ரெண்டு நாள் ஒண்ணு கூட வரல, மூணாவது நாள் கொஞ்சம் துளசி இலையை கசக்கி போட்டேன், அதனாலயா இல்ல தானாவான்னு தெரியல, இப்ப வரிசையா வந்து கல்லு மேல நின்னு குடிக்குது. ராத்திரி போய் பாத்தேன், நீங்க சொன்ன மாதிரியே உள்ள போயிடுச்சு. ராணி அறையும் எதுவும் இல்ல. தலையை வெளிய பாக்க வெச்சு றெக்கை அடிக்கிறதையும் பாத்தேன், என் பையன் அதை வீடியோ எடுத்து ஸ்கூல்ல எல்லாருக்கும் காட்டியிருக்கான்.

இப்ப மெஷின் மட்டும்தான் பிரச்சனை. நாலு சட்டத்துக்காக புதுசு வாங்க முடியாது. திருச்சியில யார்கிட்டயாவது இருக்கா? வீட்டுக்குள்ள எப்படி எடுக்கணும்னும் சொல்லுங்க, சின்னப் பசங்க இருக்காங்க.

உறையூர் துளசிமாடம்:

என்கிட்ட இருக்கும்மா, ரெண்டு சட்டம் போடுற கைச்சுத்து மெஷின், ஸ்டீல்தான். நான் உறையூர், இன்பாக்ஸ்ல நம்பர் அனுப்புறேன், வந்து எடுத்துக்கோங்க. உங்களுக்கு ஒண்ணு தெரியுமா, நீங்க வெச்சிருக்கற நியூட்டன் பெட்டியே நம்ம ஊரோட சம்பந்தப்பட்டது. நாட்டுத் தேனீ இத்தாலியனை விட உருவத்துல சின்னது, வெளிநாட்டுப் பெட்டி அதுக்கு தொளதொளன்னு இருக்கும், அதனால 1910கள்ல நியூட்டன்னு ஒரு பாதிரியார் நம்ம தேனீக்கு ஏத்த மாதிரி சின்னப் பெட்டி செஞ்சு திருச்சியில கிராமத்து ஆளுங்களுக்கு சொல்லிக் கொடுத்திருக்கார். அந்தப் பேர்தான் இன்னிக்கும் பெட்டிக்கு.

வீட்டுல எடுக்கறதுக்கு என் பழக்கத்தை சொல்றேன். சாயங்காலம் நாலரை மணிக்கு மேல ஆரம்பிங்க. முந்தின நாளே சமையல்கட்டு ஜன்னலுக்கு கொசு வலை அடிச்சு வைங்க, எடுக்கும்போது கதவு மூடியே இருக்கணும். வாசனை பிடிச்சு தேனீ ஒண்ணு உள்ள வந்துட்டா அது போய் நூறைக் கூட்டிட்டு வரும். மாடியில ஒரு சொட்டுத் தேன் கூட சிந்தக் கூடாது, பூ கம்மியா இருக்கற நேரம், பலமான கூட்டம் பலவீனமான கூட்டத்தைக் கொள்ளையடிக்க ஆரம்பிச்சுடும், வாசல்ல கட்டிப் புரண்டு சண்டை போடறதைப் பாத்தா உடனே வாசலை ஒரு தேனீ மட்டும் போற அளவுக்கு அடைச்சுடுங்க.

வெளிர் கலர் பருத்தி டிரெஸ் போடுங்க, கறுப்பு வேணாம். சென்ட் வேணாம். வாழைப்பழம் சாப்பிட்டுட்டு போகாதீங்க, இது கேக்க வேடிக்கையா இருக்கும் ஆனா உண்மை, தேனீ கொட்டும்போது மத்த தேனீக்கு ஆபத்துன்னு சொல்ல விடுற வாசனையும் பழுத்த வாழைப்பழ வாசனையும் கிட்டத்தட்ட ஒண்ணு. புகைப்பான்ல தேங்காய் நார் போட்டு பத்த வெச்சு, மேல கொஞ்சம் பச்சை வேப்பிலை போட்டா புகை ஆறி வெள்ளையா வரும். வாசல்ல ரெண்டு ஊது, மேல ரெண்டு ஊது, போதும். ரொம்ப ஊதினா தேன்லயே புகை வாடை ஏறிடும்.

சட்டத்தை எடுத்ததும் மென்மையான பிரஷ்ல, இல்லன்னா ஒரு கொத்து அருகம்புல்லால தேனீயை பெட்டிக்குள்ளயே தட்டி விடுங்க. சமையல்கட்டுல கத்தியை சுடுதண்ணில முக்கி, துடைச்சு, மூடியை மட்டும் மேலாக சீவுங்க. தோசைக்கல்லுல இருந்து மெல்லிசா தோசை எடுக்கற மாதிரி கை போகணும், ஆழமா போனா அடை கெட்டுடும். சீவின மெழுகை எறிஞ்சுடாதீங்க, வடிகட்டியில போட்டா ராத்திரிக்குள்ள அதுல இருந்தே அரை டம்ளர் தேன் இறங்கும். மெஷின்ல முதல்ல மெதுவா சுத்துங்க, பாதி வந்ததும் சட்டத்தை திருப்பிப் போட்டு அந்தப் பக்கம் முழுசா, அப்பறம் திரும்ப முதல் பக்கம். எடுத்த உடனே வேகமா சுத்தினா அந்தப் பக்கத்து தேன் கனத்துல அடை பிச்சுக்கும். காலி சட்டத்தை அன்னிக்கு சாயங்காலமே பெட்டியில வெச்சுடுங்க, ஒட்டியிருக்கறதை ராத்திரியே நக்கி சுத்தம் பண்ணிடும்.

தேனை காய வெச்ச துணியில வடிகட்டி ஸ்டீல் தூக்குல ரெண்டு நாள் மூடி வைங்க, நுரையும் மெழுகும் மேல வந்துடும், ஸ்பூன்ல எடுத்துட்டு கண்ணாடி பாட்டில்ல ஊத்துங்க. அடுப்புல வெச்சு காய்ச்சாதீங்க. பிரிட்ஜ் வேணாம். பின்னாடி உறைஞ்சா கலப்படம்னு நினைக்காதீங்க, சில பூத்தேன் உறையும், வெதுவெதுப்பான தண்ணில பாட்டிலை வெச்சா இளகிடும். எறும்பு மொய்க்காது, தண்ணில போட்டா கரையாம அடியில நிக்கும்னு சொல்ற சோதனையை எல்லாம் நம்பாதீங்க, நம்ம கையாலயே எடுத்த தேனுக்கும் எறும்பு வரும்.

ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு மட்டும் தேன் நாக்குல கூட தடவக் கூடாது, பெரியவங்க எவ்வளவு சொன்னாலும் சரி. அந்த வயசுல வயிறு தாங்காத ஒரு கிருமி விதை தேன்ல இருக்கலாம். கொட்டினா கொடுக்கை ரெண்டு விரலால பிடிச்சு பிடுங்காதீங்க, நகத்தால சொரண்டி எறிங்க, உடனே செய்யணும், ஐஸ் வைங்க. மூச்சு வாங்குறது, உதடு வீங்குறது, தலை சுத்துறதுன்னா மஞ்சள் சுண்ணாம்புன்னு பாத்துட்டு இருக்காம நேரா ஆஸ்பத்திரி.

நாட்டுத்தேன் பிரியன்:

ரப்பர்காட்டு அண்ணே, நீங்க சொன்னதை படிச்சேன். எங்க தாத்தா எடுத்தது புளியமரப் பொந்துல, வருஷா வருஷம் புதுப் பொந்துதான் தேடுவார், ஏன்னு இப்பதான் புரியுது. நான் சொன்னது தப்பு. பெட்டி ஒண்ணு வாங்கணும்னு ஆசை இருக்கு, எந்த மாசம் வாங்கினா நல்லது?

ரப்பர்காட்டு ஓரம்:

தம்பி சந்தோசம். வெயில்ல வாங்காதீங்க, ஐப்பசி மழை விட்ட பிறகு பூ எடுக்கும்போது வாங்குங்க, கூட்டம் பெருகி நிக்க நேரம் கிட்டும். அதுக்கு முன்ன உங்க வீட்டைச் சுத்தி ஒரு கிலோமீட்டருக்குள்ள என்ன பூக்குதுன்னு ஒரு நோட்டுல மாசம் போட்டு எழுதுங்க. தென்னை வருசம் முழுக்க கைகொடுக்கும், முருங்கை, வேம்பு, புங்கன், புளி இதெல்லாம் வெயில் நேரத்துல தாங்கும். கொடிரோஸ்னு கொத்துக் கொத்தா ரோஸ் கலர்ல பூக்குற கொடி ஒண்ணு வேலியில விடுங்க, தண்ணி கொஞ்சம் ஊத்தினா பூத்துக்கிட்டே இருக்கும், தேனீ அதை விட்டு இறங்காது. பக்கத்துல யாராவது பூச்சி மருந்து அடிக்கிறாங்களான்னும் விசாரிச்சுக்கிடுங்க, அடிக்கணும்னா சாயங்காலம் இருட்டின பிறகு அடிக்கச் சொல்லுங்க, காலைல பூ விரிஞ்ச நேரம் அடிச்சா பெட்டி வாசல்ல குவியலா கிடக்கும்.

மாடித்தோட்டம் ஸ்ரீரங்கம்:

எடுத்துட்டேன்! நேத்து சாயங்காலம். அக்கா வீட்டுல இருந்து மெஷினை ஆட்டோல வெச்சு கொண்டு வந்தேன், ராத்திரி ஒம்பதரைக்கு எல்லாம் முடிஞ்சுது. நாலு சட்டத்துல ஒரு கிலோ முந்நூறு கிராம். ஒரு கொட்டு வாங்கினேன், மணிக்கட்டுல, நகத்தால சொரண்டி எடுத்தேன், கொஞ்சம் வீக்கம் அவ்வளவுதான்.

முதல் சட்டத்தை சீவும்போது கை நடுங்குச்சு, ஒரு ஓரத்துல ஆழமா போயிடுச்சு. ரெண்டாவதுல இருந்து வந்துடுச்சு. மெஷின் சுத்தும்போது உள்சுவத்துல மழைத்தூறல் விழுற மாதிரி ஒரு சத்தம் வரும் பாருங்க, அதைக் கேட்டதும் மாமியார் பூஜையில இருந்து எந்திரிச்சு வந்துட்டாங்க. நாங்க வாங்குற கடைத் தேன் மாதிரி ஒரே இனிப்பா இல்ல, கடைசியில நாக்குல லேசா ஒரு கசப்பு நிக்குது. எங்க தெருவுல ஏழெட்டு வேப்ப மரம், பங்குனியில பூ கொட்டினது எல்லாம் இதுலதான் இருக்குன்னு அவங்கதான் முதல்ல கண்டுபிடிச்சாங்க. அமாவாசை பேச்சை அதுக்கப்பறம் எடுக்கல.

காலைல ஆறு மணிக்கே போய் பெட்டியைத் திறக்காம வாசல்ல மட்டும் பாத்தேன். வழக்கம் போல வந்து போயிட்டு இருக்கு, அந்த செங்கல் கலர் மகரந்தமும் வந்துச்சு. காலி சட்டத்துல ஒட்டியிருந்த மெழுகுத் துணுக்கை எல்லாம் தூக்கிட்டு வந்து வெளிய போட்டிருக்கு. ரெண்டாவது பெட்டியை தொடல, அதுல மேல் அறையில ரெண்டு சட்டம்தான் பாதி நிறைஞ்சிருக்கு, அது அதுங்களுக்கே.

அக்கா, மெஷினை சனிக்கிழமை கொண்டு வந்து கொடுத்துடுறேன், கூட ஒரு பாட்டிலும் வரும், வேணாம்னு சொல்லாதீங்க. சுடுதண்ணி ஊத்தி கழுவலாமா?

உறையூர் துளசிமாடம்:

சுடுதண்ணி வேணாம்மா, மெழுகு உருகி உள்ள பூரா பூசிக்கும், அப்பறம் சொரண்டவே முடியாது. முதல்ல பச்சைத் தண்ணி ஊத்தி ரெண்டு தடவை அலசுங்க, மெழுகு துணுக்கு தனியா வந்துடும், அதுக்கப்பறம் வெதுவெதுப்பான தண்ணில சோப்பு. கழுவின தண்ணியை மாடியில ஊத்தாதீங்க, பாத்ரூம்ல ஊத்துங்க. பாட்டில் சின்னதா இருக்கட்டும்.